ஆடாத காயக் எது?

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து கைப்பேசியைத் திறந்தால், வாட்சாப்பில் ஒரு குரல் பதிவு. சுங்கை பஞ்சாங் வாசகர் ஒருவர். நெல் வயல் ஓரத்து வீடு. நான் வெண்டைக்காய்ப் பொரியல் பற்றி எழுதினாலும் சரி, பள்ளிக்கூட பஸ் பற்றி எழுதினாலும் சரி, மறுநாளே கருத்துச் சொல்லிவிடுவார்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரருக்கு காயக் வாங்கினதா ஒருதடவ எழுதியிருந்தீங்க. எனக்கும் ஒன்னு வாங்கணும். ஏரியில சும்மா சுத்தலாம், அப்படியே மீனும் பிடிக்கலாம். ஆடாததா இருக்கணும். எது நல்லதுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."

எவ்வளவு எளிமையான கேள்வி. ரெண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை.

அந்தக் காயக்கை – ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிற சின்னப் படகு – பற்றி நான் இந்தப் பக்கத்தில் எழுதியது பாதிக் கதைதான். வாங்கிய கதை. வீட்டு வாசலில் வந்து இறங்கியது, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது... அதோடு நிறுத்திவிட்டேன். பிறகு நடந்ததை எழுதவில்லை. எழுதுகிற மாதிரி அது இல்லை.

இப்போது எழுதுகிறேன் – வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான். "எழுது. ஆனா என்னை ஹீரோவாக்கிடாதே" என்றார். ஆக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சேவியரைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். இயந்திரம் ஓடுகிற சத்தத்தை வைத்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மனுஷனுக்கு ஒரே பைத்தியம் – தூண்டில். ஞாயிறு பூசைக்கு வருவார், ஆனால் பாதிரியார் ஆசீர் கொடுக்கும்போதே இவர் கண் காரில் இருக்கிற தூண்டில் மேல் இருக்கும். ஆற்றங்கரை, கால்வாய் ஓரம், குட்டை மேடு என்று நடந்துகொண்டே இருப்பார். ஒரே இடத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கிற ஜாதி இல்லை அவர்.

அவருக்கு இனிப்பு நீர் வியாதி, அதாவது சர்க்கரை நோய், இருந்தது. நம்மில் யாருக்குத்தான் இல்லை? மாத்திரை போடுவார், மறப்பார், மறுபடி போடுவார். ஒருநாள் ஆலையில் காலணிக்குள் ஏதோ இரும்புத் துணுக்கு. அவருக்குத் தெரியவே இல்லை. கால் மரத்துப் போயிருந்தது. சாயங்காலம் காலுறையைக் கழற்றிய நான்தான் ரத்தத்தைப் பார்த்தேன். அந்தச் சின்னப் புண், பாதம், கணுக்கால் என்று ஏறி, கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவர் அழவில்லை. பார்க்க வந்தவர்கள்தான் அழுதார்கள். இவர் அவர்களைத் தேற்றி அனுப்பினார். செயற்கைக் கால் வந்தபோது அதற்கு 'ஸ்பேர் பார்ட்' என்று பெயர் வைத்தார். எல்லோரும் சிரித்தோம். எவ்வளவு தைரியசாலி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

ஸ்பேர் பார்ட் சிமெண்ட் தரையில் நன்றாகவே நடக்கும். சேற்றில் நடக்காது. கால்வாய்க் கரையில் நடக்காது. ஜெராம் மீனவர் கிராமத்தில் படகுகளைக் கட்டிவைக்கிற பலகை மேடைக்குக் கூட்டிப்போனேன். பாசி படிந்த பலகையில் வழுக்கி விழுந்தார். முன்பின் தெரியாத ரெண்டு பேர் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தூண்டில்களை எல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, பழைய போர்வையில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

காசு கட்டி மீன் பிடிக்கிற குளம் இருக்கிறதே, அங்கே நாற்காலி போட்டு உட்காரலாமே என்றேன். அது மீன் பிடிக்கிறது இல்லை, மீன் வாங்குகிறது என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஷேவ் பண்ணுவதை நிறுத்தினார். நாள் முழுக்கக் கைப்பேசியில் ஏதாவது ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் – எங்கோ ஒரு ஏரி, யாரோ ஒரு வெள்ளைக்காரர், காயக்கில் உட்கார்ந்து தூண்டில் வீசிக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "ரோசி, தண்ணியில போறதுக்குக் கால் வேணாம்."

வேண்டாம் என்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்குத் தெரியும், ஆனால் அது ரெண்டு கால் இருந்தபோது கற்றது. வேண்டவே வேண்டாம் என்று ஒரு வாரம் சொன்னேன். பிறகு யோசித்துப் பார்த்தேன்... கால் போனதிலிருந்து இந்த மனுஷன் எதையாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறாரா? சோறு போட்டால் சாப்பிடுவார். போடாவிட்டால் கேட்கமாட்டார். முதல் தடவையாக ஒன்று கேட்கிறார்.

சரி என்றேன். ஆனால் ஆடாத காயக்தான் வாங்கவேண்டும், அதை நானும் சேர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன் என்று நிபந்தனை போட்டேன்.

அதற்குப் பிறகு நான் படித்த படிப்பு இருக்கிறதே – பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. காயக்கில் ரெண்டு ரகம். ஒன்று, உள்ளே குழி மாதிரி இருக்கும்; காலை நுழைத்து உட்காரவேண்டும். இன்னொன்று, மேலேயே உட்கார்கிற ரகம்; பெரிய பலகை மேல் நாற்காலி வைத்த மாதிரி. கவிழ்ந்தால் முதல் ரகத்தில் கால் சிக்கிக்கொள்ளுமோ என்ற பயம். இரண்டாவதில் மனுஷன் தனியாக விழுவான், காயக் தனியாகப் புரளும். திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். மேலே விழுகிற தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகளும் இருக்கும். ஓட்டை உள்ள படகு மிதக்குமா என்று நான் கேட்டேன். மிதக்குமாம். உடம்பு முழுக்கக் காற்று அடைத்த டப்பா மாதிரி.

மேலே உட்கார்கிற ரகம்தான் என்று முடிவாயிற்று. அதில் எது?

புஞ்சாக் ஆலாமில் காயக் விற்கிற கடை ஒன்றுக்குப் போனோம். கடையைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மலாய்க்கார இளைஞர், நல்ல உற்சாகம். இவரை அபாங், அண்ணன், என்று கூப்பிட்டு, நேராக விலை கூடிய ரகத்துக்கு இழுத்துப் போனார். சைக்கிள் மாதிரி மிதிக்கிற காயக். துடுப்பே வேண்டாம், கை ரெண்டும் மீனுக்கு, கால் ரெண்டும் படகுக்கு என்று மலாயில் விளக்கிக்கொண்டே போனார். இவர் அமைதியாகக் கேட்டார். முடிந்ததும் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, ஒற்றைக் காலுக்குப் பாதி விலைக்குத் தருவாயா என்று கேட்டார்.

அந்தப் பையன் முகம் வெளுத்துப் போயிற்று. மன்னிப்புக் கேட்டார். பிறகு உண்மையாகவே உதவினார். ஒவ்வொரு காயக்கையும் தரையில் இறக்கி, இவரை உட்காரவைத்து, பக்கவாட்டில் கையால் தள்ளித் தள்ளிக் காட்டினார். எங்களுக்குப் புரிந்தது இதுதான். ஒல்லியாக இருந்தால் வேகமாகப் போகும், ஆனால் ஆடும். அகலமாக, அடி தட்டையாக இருந்தால் ஆடாது, ஆனால் மாட்டு வண்டி மாதிரி போகும், கல் மாதிரி கனக்கும். நாற்காலி உயரமாக இருந்தால் தண்ணீருக்குள் மீன் தெரியும், முதுகு வலிக்காது – ஆனால் கனம் மேலே ஏறி, ஆட்டம் வந்துவிடும். தாழ்வாக இருந்தால் ஆட்டம் இல்லை – எழுந்திருப்பதுதான் கஷ்டம்.

எது வேண்டும் என்றாலும் இன்னொன்றை விடவேண்டும். காயக் கடையிலுமா இப்படி?

கடைசியில் வீட்டு அறைக்கதவு அகலத்துக்கு ஒன்று எடுத்தோம். தாழ்வான நாற்காலி. அவருக்குக் கரும்பச்சை பிடித்தது, மீனுக்குத் தெரியாதாம். எனக்கு மஞ்சள் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கரையில் நிற்கிற எனக்குத் தெரியவேண்டாமா? மஞ்சள்தான் வாங்கினோம். கூடவே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை.

ஆற்றில் விடமுடியாது. சிலாங்கூர் ஆற்றில் நீரோட்டம் இருக்கிறது, முதலையும் இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அந்தப் பக்கம், செம்பனைக்கு நடுவே ஈயம் தோண்டி எடுத்த பழைய குட்டைகள் உண்டு. பேருக்குத்தான் குட்டை. பெரிய ஏரி. ஒரு பக்கம் மணல் சரிவாக இறங்கும், தண்ணீர் மெல்ல ஆழமாகும். அங்கே போனோம். பக்கத்து வீட்டு ஹம்சாவிடம் பிக்கப் இருக்கிறது. அவரும் மீன் பிரியர். சனிக்கிழமை காலையில் காயக்கை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிக் கொடுப்பார்.

சேவியர் முழங்கால் தண்ணீரில் காயக் ஓரத்தில் உட்காருவார். ஸ்பேர் பார்ட்டைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். நான் அதைத் துண்டில் சுற்றிக்கொள்வேன். அவர் துடுப்பைப் போட்டுப் போய்விடுவார். கரையில் மடக்கு நாற்காலியில் நானும் அவருடைய காலும். அந்த வழியாகப் போன ஒருவர், துண்டுக்கு வெளியே தெரிந்த காலணியைப் பார்த்துவிட்டு நடையை வேகமாக்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

முதல் நாள் காயக் ஒரே பக்கமாக வளைந்து வளைந்து போனது. ஒரு காலால் மட்டும் உதைத்து உட்காருவதால் அப்படி என்றார். அடுத்த வாரம் பழைய ரப்பர் மெத்தையை வெட்டி, இடது பக்கம் முட்டுக் கொடுக்க ஒரு கட்டை செய்து ஒட்டினார். நேராகப் போனது.

அந்தச் சில சனிக்கிழமைகளை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நன்றாக இருந்தன. ஷேவ் பண்ணிக்கொண்டார். திலாப்பியா கொண்டு வந்தார். ஒருதடவை சின்னத் தோமான் ஒன்று, விரால் ஜாதி மீன், மாட்டியது, கரையிலிருந்தே அவர் சிரிக்கிறது தெரிந்தது. காயக் வாங்கிய கதையை நான் எழுதியது அப்போதுதான். நிறைய பேர் பாராட்டினீர்கள்.

பிறகு வலது கால்.

சுண்டு விரல் பக்கத்தில் ஒரு கொப்புளம். இந்தத் தடவை நாங்கள் தாமதிக்கவில்லை. அன்றைக்கே கிளினிக், அங்கிருந்து ஆஸ்பத்திரி. இனி என்ன தப்பு செய்யாமல் இருக்கவேண்டும் என்று எங்களுக்குத் தெரியுமே. எல்லாம் சரியாகச் செய்தோம். செய்தும் விரல் கறுத்தது. டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான். பொறுமையாக விளக்கினார். ரத்த ஓட்டம் கீழே போகவில்லையாம். மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். சேவியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எங்கேயிருந்து எடுப்பீங்க?"

இப்போதே அதை எல்லாம் பேசவேண்டாம் அங்கிள் என்றார் டாக்டர். இவர் தலையை ஆட்டினார். வீடு வரும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பிட்டார், செய்தி பார்த்தார், தூங்கினார். எனக்கு அது பயமாகப் படவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஏரிக்குப் போகவேண்டும் என்றார். புண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்றேன். கடைசியாக ஒருதடவை, ஆறும் வரைக்கும் கேட்கமாட்டேன் என்றார். பாதத்தைப் பிளாஸ்டிக்கால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ரப்பர் பூட்ஸ் போட்டுவிட்டேன். ஹம்சா எங்களை இறக்கிவிட்டு, அவரைக் காயக்கில் ஏற்றிவிட்டு, பக்கத்துக் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்றைக்கு அவர் வழக்கத்தைவிடத் தூரம் போனார். காற்று இல்லை. தண்ணீர் தகடு மாதிரி கிடந்தது. மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரிந்தது. மஞ்சள் மேல் ஆரஞ்சு. கொஞ்ச நேரத்தில் ஆரஞ்சு இல்லை. வேர்க்கிறது போல, மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டார் என்று எரிச்சல் வந்தது. எழுந்து நின்று கத்தினேன். திரும்பவில்லை. கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

அப்போது காயக் ஒரு பக்கம் சாய்ந்தது. நன்றாகவே சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. கொஞ்சம் பொறுத்து, மறு பக்கம் சாய்ந்தது.

எனக்குச் சந்தோஷம். பெரிய மீன் மாட்டிவிட்டது, இழுக்கிறது என்று நினைத்தேன். கரையில் தனியாக நின்றுகொண்டு, விடாதீங்க, விடாதீங்க என்று சத்தம் போட்டேன். அவருடைய கால் என் அக்குளில் இருந்தது.

பிறகு காயக் அசையவே இல்லை. அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மிக நீண்ட நேரம். ஏன் என்று தெரியாமலே ஹம்சாவுக்குப் போன் போட்டு, சீக்கிரம் வாங்க என்றேன். அவர் வந்து சேர்வதற்கும் இவர் துடுப்பைப் போட்டுக் கரைக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. சட்டை ஒரு பக்கம் தோள் வரை நனைந்திருந்தது. அறுத்துக்கிட்டுப் போயிடுச்சா என்று கேட்டேன். "ம்" என்றார்.

மத்தியானம் வீட்டு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ரப்பர் குழாயால் காயக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"ரோசி. மீன் ஒன்னும் மாட்டல."

என்ன சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் காயக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான்தான் சாய்ஞ்சேன். கவிழட்டும்னு."

நான் போய் முதலில் தண்ணீர்க் குழாயை மூடினேன். ஏன் அதைச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மூடிவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு பக்கமும் பாத்தேன்" என்றார். "நல்ல அகலமாத்தான் வாங்கியிருக்கோம்."

சிரித்தார். ஃபிட்டர் புத்தி. சாமான் தரமானதாக இருந்தால் அதைச் சொல்லாமல் இருக்கமுடியாது அவருக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி முயற்சி பண்ணலையா என்று கேட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி எப்படி வந்தது?

"பண்ணலாம்னுதான் இருந்தேன். அப்பதான் நீ கரையில நிக்கிறது தெரிஞ்சுச்சு. அந்தக் காலைத் தூக்கிக்கிட்டு நீ தனியா வீட்டுக்கு வருவியேன்னு தோணுச்சு. அது நல்லா இல்லை, ரோசி."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அவர் மேல் இல்லை – அல்லது அவர் மேலும்தான். கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று மஞ்சள் வாங்கியவள் நான். எல்லாம் தெரிந்தது. ஒன்றும் புரியவில்லை.

யாரிடம் சொல்வது? சொந்தக்காரர்களிடமா? தைரியசாலி என்று பட்டம் கொடுத்தவர்கள் அவர்கள். பாதிரியாரிடமா? திட்டமாட்டார், ஆனாலும் வாய் வரவில்லை. கடைசியில் கட்டு மாற்றப் போனபோது, அந்த டாக்டர் பிள்ளையிடம் தனியாகச் சொன்னேன். அவர் உடனே எழுந்து வந்து சேவியர் பக்கத்தில் உட்கார்ந்தார். மனநல ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்தார். அதுவரை அவரைத் தனியாக விடவேண்டாம் என்றும் சொன்னார். நான் விடவில்லை. குளியலறைக் கதவைக்கூடச் சாத்தவிடவில்லை.

ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண்மணி. மென்மையான குரல். சேவியருக்கு மலாய் நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க ஆலையில் மலாயில்தான் பேசினார். ஆனால் அதெல்லாம் போல்ட், பேரிங், பம்பு பற்றிய மலாய். மனசுக்குள் இருப்பதைச் சொல்ல அவரிடம் மலாய் இல்லை. தமிழிலேயே சொல்லட்டும், அம்மா, நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள் என்றார் அந்தப் பெண்மணி.

அவர் சொன்னார்: "எனக்கு உசிரோட இருக்கப் பிடிக்கல. துண்டு துண்டாப் போறதுக்கு, ஒரேடியாப் போயிடலாம்."

இதை நான் மலாயில் சொல்லவேண்டும். கல்யாணமான நாள் முதல் இவர் பக்கத்தில் இருக்கிறேன். சந்தையில், பள்ளியில், போலீஸ் நிலையத்தில் எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். அவருக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது என்று சொன்னேன்.

சேவியர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"சரியாச் சொல்லு, ரோசி."

சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக, என் கணவருக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு மொழியில் சொன்னேன். அந்தப் பெண்மணி குறிப்பு எழுதவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

இந்த இடத்தில் நல்ல முடிவு ஒன்று வரவேண்டும் இல்லையா? பத்தி எழுதிப் பழகிய கை அதைத்தான் தேடுகிறது. கிடைக்கவில்லை.

விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் இப்போதைக்கு இருக்கிறது. அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை டாக்டர் சொல்லும்போதெல்லாம் இவர் சுவரைப் பார்ப்பார். மாத்திரை சாப்பிடுகிறார், காலுக்கும் மனசுக்கும். ஆலோசகரிடம் போகிறோம். சில நாள் பேசுகிறார். சில நாள் காலையில் கண் திறந்ததும், இன்னும் இங்கேதான் இருக்கிறோமா என்கிற மாதிரி ஒரு பார்வை பார்க்கிறார். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டுத்தான் நான் அடுப்படிக்குப் போய்க் கோப்பி கலக்குகிறேன். எழுந்து, குளித்து, பாலர் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு கைதட்டிப் பாட்டுப் பாடிவிட்டு வருகிறேன். இடைவேளையில் வீட்டுக்குப் போன் போடுவேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும் அந்த நேரம் இருக்கிறதே... அவர் எடுத்து "ம்" என்று சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும்.

காயக் பின்பக்கச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. விற்றுவிடலாமா என்று கேட்டேன். ஏரிக்குப் போகலாமா என்றும் கேட்டேன். ரெண்டில் எது என்று இன்னும் முடிவாகவில்லை.

சுங்கை பஞ்சாங் தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மேலே உட்கார்கிற ரகமாக வாங்குங்கள். கதவு அகலம் இருக்கட்டும், அடி தட்டையாக, நாற்காலி தாழ்வாக. பளிச்சென்ற நிறமாகப் பாருங்கள். மிதவைச் சட்டையைக் கரைக்கு வரும் வரை கழற்றாதீர்கள். தனியாகப் போகாதீர்கள். துணைக்கு வருகிறவர் கரையில் நிற்கவேண்டாம். உங்களோடு தண்ணீரில் இருக்கட்டும். நல்ல பொழுதுபோக்குதான். உங்களை நான் பயமுறுத்தவில்லை.

போன வாரம் ஜெராமுக்கு மீன் வாங்கப் போனோம். இவரும் வந்தார். சக்கர நாற்காலியில். அதுவே பெரிய காரியம். ஆலையில் இவரோடு வேலை செய்த ஒருவர் எதிரில் வந்தார். கையில் பை நிறைய மீன், சொட்டுச் சொட்டாக ஐஸ் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பார்த்ததும் முகம் மலர்ந்து, எப்படி இருக்கீங்க சேவியர் அண்ணே என்றார்.

ஆலோசகர் சொல்லிக் கொடுத்திருந்தார் – யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிப் பழகுங்கள் என்று. இவர் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லா இல்லப்பா" என்றார்.

அந்த மனுஷன் சிரித்தார். கெட்டவர் இல்லை, என்ன சொல்வதென்று தெரியவில்லை. தோளில் தட்டி, எல்லாம் சரியாயிடும் லா அண்ணே, சாமியைக் கும்பிடுங்க என்றார். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு ஆத்திரம். எத்தனை நாள் பழகி, எவ்வளவு கஷ்டப்பட்டு வெளியே வந்த வார்த்தை அது. சேவியர் என் கையைத் தொட்டார்.

"விடு ரோசி. அவனுக்கு ஐஸ் உருகிடும்."

அதனால், வாசகர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். யாரையாவது எப்படி இருக்கீங்க என்று கேட்பதாக இருந்தால், தயவுசெய்து மீன் வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள்.